ஒரு பெற்றோல் கானும் நம் மனச்சாட்சியும்



பழைய முத்திரை சேர்ப்பவரை நீங்கள் அறிவீர்கள். பழைய நாணயம் சேர்ப்பவரையும் அறிவீர்கள். ஆனால் பழைய பெற்றோல் கான்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் உண்டு என்றால் நம்புவீர்களா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படிப் பலர் இருக்கிறார்கள். பழம்பொருட் சந்தைகளிலும் கமக்காரரின் கொட்டில்களிலும் தேடி எடுத்து, துருவைச் சுரண்டி, தகட்டிற் பொறித்த எழுத்துக்களை வாசிக்கிறார்கள். அவர்கள் நாடுவது இரண்டாவது உலகப் போரில் ஹிட்லரின் இராணுவம் பயன்படுத்திய கான்களை.

வீண் வேலை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள்ளே நம் எல்லோரையும் தொடும் கேள்வி ஒன்று கிடக்கிறது. தீமைக்கு ஊழியஞ் செய்த ஒரு பொருளை வீட்டில் வைத்துப் பேணுவது தகுமா?

முதலில் அப்பொருளைப் பார்ப்போம். 1937ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்வெல்ம் நகரிலிருந்த மியூலர் தொழிலகத்தில், வின்சென்ஸ் குரூன்ஃபோகல் என்னும் பொறியியலாளர் அமைத்தது அது. கொள்ளளவு 20 லீற்றர். அழுத்தி வடித்த இரண்டு உருக்குத் தகடுகளை ஒட்டிச் செய்த உடல். மேலே மூன்று கைபிடிகள். நிரம்பிய கானை இருவர் பங்கிட்டுத் தூக்கலாம், வெறுங் கான்கள் இரண்டை ஒருவர் ஒரே கையிற் கொண்டுபோகலாம். பக்கங்களிலுள்ள பெருக்கற்குறி போன்ற பள்ளம் தகட்டுக்கு வலுவூட்டும். வெப்பத்தால் உள்ளே அமுக்கம் கூடினால் விரிந்து கொடுக்கும். மூடியைத் திறக்கச் சாவி வேண்டாம், நெம்புகோலே போதும். உள்ளே காற்றுக்கு ஒரு சிறு குழாய் இருப்பதால் பெற்றோல் சிந்தாமல் ஒழுங்காக ஊற்றும்.

பிரித்தானியப் படையோ வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் மெல்லிய தகரப் பெட்டிகளிற் பெற்றோலைக் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டுப் பெருநட்டம் அடைந்தது. அதனால் அவர்கள் எதிரியின் கான்களைக் கைப்பற்றிப் பயன்படுத்தினர். பின்னர் அதே மாதிரியிற் செய்யவும் தொடங்கினர். ஜேர்மானியரைப் பிரித்தானியப் போர்வீரர் 'ஜெரி' என்று பட்டப்பெயர் சொல்லி அழைத்ததனால் 'ஜெரி கான்' என்ற பெயர் வந்தது. 1944ஆம் ஆண்டில் நோர்மண்டியிற் கரையிறங்கிய நேச நாட்டுப் படைகள் பிரான்சு நாட்டை ஊடறுத்து விரைந்தபோது அவற்றின் வண்டிகளுக்குப் பெற்றோல் சுமந்து சென்றவையும் இத்தகைய கான்களே.

ஆக, நாடுகளை அடிமைப்படுத்தச் சென்ற வண்டிக்கும் அதே கான். அவற்றை விடுவிக்கச் சென்ற வண்டிக்கும் அதே கான். இரும்புக்குப் பாவமில்லை. பாவம் மனிதனின் சித்தத்திலேயே பிறக்கிறது. எனவே கானை வைத்திருப்பது தன்னளவிற் குற்றம் என்று சொல்ல முடியாது.

இத்துடன் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. பொருளுக்குக் குற்றமில்லை, ஆனால் அதை விரும்பும் மனத்துக்குக் குற்றம் இருக்கலாம் அல்லவா?

சேகரிப்பவர் கானை எப்படி அடையாளங் காண்கிறார் என்று பாருங்கள். எரிபொருள், 20 லீற்றர், தீப்பற்றக்கூடியது என்ற சொற்கள் ஜேர்மன் மொழியிற் பொறிக்கப்பட்டிருக்கும். செய்த தொழிற்சாலையின் பெயரோ குறியோ, செய்த ஆண்டோ இருக்கும். 'ஏபிபி' என்ற எழுத்துக்கள் பேர்லின் நகரிலிருந்த அம்பி-பட் தொழிற்சாலையைக் குறிக்கும். 'வேர்மாக்ட்' என்ற சொல் ஜேர்மன் இராணுவத்தைக் குறிக்கும். வெள்ளைச் சிலுவைக்குறி தீட்டியது தண்ணீர்க் கான். போருக்குப் பின் பிற நாட்டுப் படைகள் இவற்றுக்கு மறுபடி வர்ணம் பூசிப் பாவித்ததால், ஒரே கானில் பல வர்ணப் படைகளும் காணலாம். இவற்றையெல்லாம் பொறுமையாக ஆராய்வது நல்ல கல்வியே.

ஆனால் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் குறி பொறித்த கானுக்குச் சந்தையிற் கூடிய விலை உண்டு. அந்தப் படையை 1946ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நீதிமன்றம் குற்றவாளி அமைப்பு என்று தீர்த்தது. வதை முகாம்களை நடத்தியது அதுவே. அந்தக் குறியில்லாத கானும் அதே 20 லீற்றர்தான் கொள்ளும்; அதே உருக்கு, அதே கைபிடி. அப்படியானால் மேலதிகமாகக் கொடுக்கும் காசு எதற்கு? "அரியது என்பதற்காக" என்பார் சேகரிப்பவர். உலகில் அரிய பொருட்கள் எத்தனையோ உண்டு. இந்த அருமை மட்டும் ஏன் இனிக்கிறது? கொடியவனின் வல்லமையில் ஒரு துளியாவது தன் கையில் இருக்கிறது என்ற இரகசியக் கிளுகிளுப்பு அதில் இல்லையா? இதற்கு வெளியார் விடை சொல்ல முடியாது. அவரவர் தம்மைத் தாமே கேட்கவேண்டும்.

இந்த ஆசை பொய்யையும் பெற்றெடுத்திருக்கிறது. சாதாரண கானில் அந்தக் குறியைப் புதிதாகப் பொறித்து ஏமாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். இரத்தக்கறை படிந்த அடையாளத்தைக் காசுக்காகப் போலியாக்கும் அளவுக்கு மனிதன் போகிறான் என்றால், வாங்குபவனின் விருப்பத்துக்கும் அதில் ஒரு பங்கு இல்லையா?

"அப்படியானால் எல்லாவற்றையும் உருக்கிவிடுவோம், அல்லது குறிகளைச் சுரண்டிவிட்டு வைத்திருப்போம்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியன்று. குறியைச் சுரண்டுவது, நடந்தது நடக்கவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். நாசிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைக் குற்றமாக்கிய ஜேர்மன் சட்டங்கூட, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் விட்டிருக்கிறது. மறப்பது வேறு, திருந்துவது வேறு என்பதை அந்த நாடு கசப்போடு கற்றது.

ஆகவே வைத்திருக்கலாம், ஆனால் முழு உண்மையோடு வைத்திருக்கவேண்டும். '1943' என்று பொறித்த கான் கிடைத்தால் தொழிற்சாலையின் பெயரைக் கண்டுபிடித்தவுடன் நின்றுவிடலாமா? அக்காலத்து ஜேர்மன் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் இலட்சக்கணக்கில் உழைத்தார்கள்; 1944இல் அவர்கள் தொகை 70 இலட்சத்துக்கு மேல். அவர்களிற் பெரும்பாலானோர் விரும்பி வந்தவர்களல்லர். முதலாளியின் பெயர் தகட்டில் இருக்கிறது. தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பெயரில்லாத மனிதனையும் நினைத்துப் பார்த்தாலன்றி, அடையாளங் காணும் வேலை பாதியிலே நிற்கிறது.

வாசகரே, நம் வீடுகளில் ஜேர்மன் கான்கள் இல்லை. ஆனால் நாம் பெருமையோடு பேணுகின்ற பொருட்கள் எத்தனையோ உண்டு. பாட்டன் வாங்கிய காணி, பரம்பரை நகை, சுவரிலே தொங்கும் படம். அவை யாருடைய வியர்வையில், சிலவேளை யாருடைய கண்ணீரில் வந்தன என்று கேட்டதுண்டா?

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தப் பொருளால் துன்பப்பட்ட ஒருவரோ, அவருடைய பிள்ளையோ நம் வீட்டுக்கு வந்து, "இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், அவருடைய முகத்தைப் பார்த்து நாம் மறைக்காமல் மறுமொழி சொல்ல முடியுமா? முடியுமானால் வைத்திருக்கலாம். அவர் வருமுன் அதைத் துணியால் மூடவேண்டும் என்று தோன்றினால், திருத்தவேண்டியது அலுமாரியை அல்ல, நம் உள்ளத்தை.