நாணயமும் அபரிகிரகமும்

ஒரு பொருளை விரும்பிச் சேர்ப்பது பற்று ஆகுமா? அந்தப் பொருள் பணமாகவே இருந்து, அதில் ஒரு மகானின் திருவுருவமும் பொறிக்கப்பட்டிருந்தால் அதைச் சேர்த்து வைப்பது பக்தியா, பரிகிரகமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அன்பர் ஒருவர் இதை மிகுந்த மனக்கலக்கத்துடன் கேட்டபோது, இதற்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது என்பது புரிந்தது.

அந்த அன்பர் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள விழிஞ்ஞத்தில் வசிப்பவர். புதிய நாணயம் வெளிவந்தது என்று அறிந்தால் போதும். விழிஞ்ஞம், கோவளம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று வங்கிக் கிளைதோறும் ஏறி இறங்கி, நோட்டுகளைக் கொடுத்து நாணயப் பைகளை வாங்கி வருவார். ஆண்டைக் குறிக்கும் எண்ணின் கீழே எந்தக் குறி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மும்பை நாணயச்சாலைக்கு வைரம், ஹைதராபாத்திற்கு நட்சத்திரம், நொய்டாவிற்குப் புள்ளி. குறியே இல்லாதிருப்பதுதான் கொல்கத்தாவின் குறி! புனித அல்போன்சாவின் உருவம் தாங்கிய 2009ஆம் ஆண்டின் 5 ரூபாய், சுவாமி விவேகானந்தரின் 150ஆவது ஜயந்தியை ஒட்டி 2013இல் வந்த 5 ரூபாய், சுவாமி சின்மயானந்தரின் நூற்றாண்டுக்காக 2015இல் வந்த 10 ரூபாய், விடுதலையின் அமுதப் பெருவிழாவுக்காக 2022இல் வெளியான வரிசை ஆகிய அனைத்தும் அவரிடம் உண்டு. ஒன்று இரண்டு அல்ல, பை பையாக உண்டு.

கடற்கரையில் மீன் விற்கும் பெண்கள் சில்லறைக்குத் திண்டாடும்போது தம் அலமாரியில் சில்லறை உறங்குகிறதே என்ற உறுத்தல் அவருக்கு முன்பே இருந்தது. வியாபாரி ஒருவர் சுவாமிஜியின் நாணயங்களுக்கு முகமதிப்பைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்ன பிறகு, அவரது உறக்கமும் போயிற்று. விற்பதா, வைத்திருப்பதா, வங்கிக்கே திருப்பிவிடுவதா?

பணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் சாதனை. தட்சிணேசுவரத்தில் கங்கைக் கரையில் அமர்ந்து, ஒரு கையில் ரூபாயும் மறு கையில் மண்ணும் எடுத்து, இரண்டும் ஒன்றே என்று விசாரம் செய்து, இரண்டையும் நீரில் எறிந்தார் அவர். இவ்வளவையும் அறிந்தவர்கள் பலர். அதற்குப் பின் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. திருமகளை அவமதித்துவிட்டோமோ என்ற அச்சம் அவருக்கு எழுந்தது. தேவியைத் தம் இதயத்தில் வந்து அமரும்படி வேண்டிக்கொண்டார். ஆகவே அந்தச் சாதனையைப் பணத்தின் மீதான வெறுப்பாகக் கொள்வதற்கில்லை. பணம் தம் மனத்தைப் பிடித்துவைக்க இடம்தராத உறுதி அது.

அந்த உறுதி உடலிலும் ஊறியிருந்தது. நாணயம் பட்டால் அவரது கை மடங்கிக்கொள்ளும். இது உண்மைதானா என்று சோதிக்க, இளைஞரான நரேந்திரர் அவர் அறியாமல் படுக்கையின் அடியில் ஒரு ரூபாயை மறைத்து வைத்தார். அமர்ந்த உடனே குருதேவர் வேதனையுடன் துள்ளி எழுந்தார். அன்று நாணயத்தை ஒளித்துவைத்த அந்த நரேந்திரரின் திருமுகமே இன்று நாணயத்தில் பொறிக்கப்பட்டு நம் கைக்கு வருகிறது! நாமோ அதை மீண்டும் ஒளித்துவைக்கிறோம்.

இல்லறத்தார் துறவியைப் போல நாணயத்தை ஆற்றில் எறிய வேண்டியதில்லை. பறவையும் சந்நியாசியும் சேமிப்பதில்லை, குடும்பத்தைத் தாங்குபவன் சேமிக்கத்தான் வேண்டும் என்பதே குருதேவரின் கருத்து. எனவே கேள்வி சேமிப்பைப் பற்றியதல்ல. சேமிப்புக்கும் பரிகிரகத்திற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் அபரிகிரகத்தை யமங்களுள் ஒன்றாக வைத்தார். அதற்கு உரை கண்ட வியாசர், பொருளைக் கொள்வதில் ஐந்து குற்றங்களைக் காண்கிறார். ஈட்டும் துன்பம், காக்கும் துன்பம், இழக்கும் துன்பம், அதனால் வளரும் பற்று, பிறருக்கு நேரும் ஹிம்சை. நம் அன்பரின் கதையில் இந்த ஐந்தும் இருப்பதைப் பாருங்கள். கிளை கிளையாக அலைவது ஈட்டல். அலமாரிக்குப் பூட்டுப் போடுவது காத்தல். கடற்காற்றின் உப்பில் நாணயம் கறுத்துவிடுமோ என்ற கவலை இழத்தல். இன்னும் ஒரு பை என்ற தவிப்பு பற்று. ஹிம்சை எங்கே என்று கேட்கலாம். சில்லறை கிடைக்காமல் நிற்கும் அந்த மீன்காரப் பெண்ணிடம்தான் இருக்கிறது. ஐந்தாவதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஏனெனில் அது நமக்கு வலிப்பதில்லை.

நாணயம் என்பது உண்மையில் யாருக்கு உரியது? பழைய திருவிதாங்கூரில் வெள்ளிச் சக்கரம் என்ற மிகச் சிறிய நாணயம் வழங்கியது. 28 சக்கரம் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். விரலில் நிற்காத அளவு சிறியதாகையால், அதை எண்ணுவதற்கென்றே குழிகள் நிறைந்த மரப்பலகை ஒன்று வைத்திருந்தனர். நாணயங்களைப் பலகையில் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக விழும். எஞ்சியதை வழித்துவிட்டால் கணக்குச் சரி. இன்று சக்கரத்தைக் கொண்டுபோனால் ஒரு வாழைப்பழமும் கிடைக்காது. வெள்ளி அதே வெள்ளிதான். மக்கள் அதன்மேல் வைத்த பொது நம்பிக்கை வேறு இடத்திற்குப் போய்விட்டது. அந்த நம்பிக்கை தனி ஒருவரின் உடைமை அல்ல. செல்வத்தை ஊருணிக்கு ஒப்பிட்ட வள்ளுவர், ஊர் முழுவதும் வந்து மொள்ளும் நீரையே மனத்தில் கொண்டார்.

புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் ஒரு புதையல் கிடைத்தது. ஏறத்தாழ 500 உரோமானியப் பொற்காசுகள். மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. புதைத்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: அவர் திரும்பி வந்து எடுக்கவில்லை.

இதே மயக்கம் செல்வ நாடான அமெரிக்காவையும் விடவில்லை. அங்கே 2007 முதல், மறைந்த அதிபர்களின் உருவத்துடன் ஆண்டுக்கு நான்கு புதிய 1 டாலர் நாணயங்கள் வெளிவந்தன. மக்கள் வங்கிகளில் ஆவலுடன் வாங்கிப் பெட்டிகளில் வைத்துக்கொண்டனர். புழக்கத்திற்கோ காகித டாலரே போதுமாயிருந்தது. நாணயம் பரவட்டும் என்று அரசு அஞ்சல் செலவின்றி வீட்டுக்கே அனுப்பியது. சிலர் கடன் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாங்கி, அட்டை தரும் இலவச விமானப் பயணப் புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேரே வங்கியில் செலுத்தினார்கள்! சட்டத்தை எவரும் மீறவில்லை. 2011இல் அரசு கடன் அட்டையை நிறுத்தியது. 100 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் காப்பறைகளில் தேங்கியதால், அவ்வாண்டு இறுதியில் புழக்கத்திற்காக அடிப்பதும் நின்றது.

இதற்கு நேர் எதிரான குற்றம் நம் தமிழகத்தில் நடந்தது. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்பிக் கடைகளிலும் பேருந்துகளிலும் அதை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்திய பின்னும் பல ஊர்களில் மறுப்பு தொடர்ந்தது. பெருக்கி முடித்த துடைப்பத்தை ஒருவர் அலட்சியமாக வீசியதைக் கண்ட அன்னை ஸ்ரீசாரதாதேவி, அதற்கும் உரிய மரியாதை உண்டு என்று திருத்தினார் அல்லவா? நாணயத்தைப் பூட்டி வைப்பவரும் தள்ளிவிடுபவரும் அதற்கு உரிய பணியைத் தடுப்பதில் ஒன்றுபடுகிறார்கள். துடைப்பத்திற்கு உரிய இடம் மூலை. நாணயத்திற்கு உரிய இடம் கைமாறும் கை.

அப்படியானால் அன்பருக்கு என்ன சொல்வது? அழகிய நாணயம் ஒன்றை, குறிக்கு ஒன்றாக நான்கைக்கூட, அன்புடன் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்குக் காட்டிக் கதை சொல்ல அது உதவும். நல்ல பொருளைக் கண்டு மகிழும் மனம் வறண்ட மனத்தைவிட மேலானது. ஆனால் பைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கிளையில் வந்தவற்றை எல்லாம் வாரிக்கொண்டு தட்டுப்பாட்டை உண்டாக்கி, அந்தத் தட்டுப்பாட்டையே விற்பதற்குச் சுவாமிஜியின் திருமுகம் பயன்படுவதா? அரிய நாணயம் இலட்சம் பெறும் என்ற ஆசையை வைத்தே ஏமாற்றுவோரும் இருக்கிறார்கள்; தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணம் கேட்பவர்களைக் குறித்து 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

விழிஞ்ஞத்திலேயே ஒரு பாடம் கண்முன் இருக்கிறது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகம், பெரிய கப்பலிலிருந்து இறக்கிச் சிறிய கப்பல்களில் ஏற்றி அனுப்பும் துறைமுகம். அங்கே வந்த பெட்டிகள் தங்கிவிட்டால் அடுத்த கப்பலுக்கு இடமில்லை.

பை பையாக உள்ள நாணயங்களை மீன் விற்கும் பெண்களுக்குச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கலாம். தலைப்பாகையுடன் இருக்கும் இவர் யார் என்று அவர்களில் ஒருவர் கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. 1892 டிசம்பரில் அவர் திருவனந்தபுரம் வந்து, சில நாட்கள் தங்கி, குமரிக்குச் சென்றார். அதன்பின் அவரைச் சிகாகோவுக்கு அனுப்புவதற்காக அளசிங்கப் பெருமாளும் தோழர்களும் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார்கள். கேத்ரி மன்னரும் உதவினார். 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் புறப்பட்டது. அளசிங்கர் பெற்ற காசுகளில் யாருடைய உருவம் இருந்தது, எது புதிது, எது தேய்ந்தது என்று அன்று ஒருவரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.