நூற்றைந்து சுற்று

சிம்பாங் பூலாயிலிருந்து பழைய பெருஞ்சாலையில் தெற்கே போனால் கோப்பெங், கம்பார், அப்புறம் தாப்பா. கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். நெடுஞ்சாலை வந்த பிறகு அந்தச் சாலையை முழுக்கப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு. தாப்பா என்றதும் பலருக்குக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய வளைவுப் பாதை ஞாபகம் வரும். எனக்கு எம். ராஜாமணி ஞாபகம் வருகிறார்.

தாப்பாவில் பிறந்தவர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார். மறு ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 200, 400, 800 மூன்றிலும் தங்கம். 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அந்த ஆண்டுதான். ஆண்களில் குவாலா கங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன், பெண்களில் ராஜாமணி. இரண்டு பேரும் பேராக் மண்ணில் பிறந்த தமிழர்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைப்பானேன்.

ஓடுதளத்தில் 200, 400, 800 என்று எல்லாவற்றையும் வென்ற ஒரு பெண், சாலையில் இறங்கியிருந்தால்? இந்தக் கேள்வி பல நாளாக என்னோடு நடக்கிறது. அவர் இறங்குவதற்குச் சாலை இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்றைய ஒலிம்பிக்கில் பெண்களுக்கு விதிக்கப்பட்ட அதிகபட்சத் தூரம் 800 மீட்டர். 1500 வந்தது 1972-இல். மாரத்தான் 1984-இல். 10,000 மீட்டர் 1988-இல். 5000 மீட்டர் 1996 வரை காத்திருந்தது. அந்த வரிசையில்கூட ஒழுங்கில்லை. 42 கிலோமீட்டர் ஓடலாம் என்று அனுமதித்த பிறகு, 5 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

*

1966 ஏப்ரல். பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த ராபர்ட்டா கிப்புக்கு, பெண் உடம்பு அந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் உள்ளே கலந்து, ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் நடுச்சாலையில் பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி ஓடியது 1972-இல்.

இந்தப் பயத்தின் வேர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பெண்கள் 800 மீட்டரில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். ஓடி முடித்தவர்களில் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும்தான் சாய்வார்கள். ஆனால் பத்திரிகைகள் அதைப் பேரழிவுபோல் எழுதின. அந்தப் பந்தயம் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது 1960-இல்.

1928-இல் இந்தக் கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் பெண்கள் இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டி, மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் வாளி மாட்டி, பால் நிறுக்கும் இடம் வரை நடந்தார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்து செய்த வேலை. அவர்களுடைய உடம்பு தாங்குமா என்று எந்தத் துரையும் மருத்துவரிடம் கருத்துக் கேட்கவில்லை. தாங்காது என்ற கவலை பந்தயத்துக்கு மட்டும்தான் வந்தது, கூலிக்கு வரவில்லை.

இந்த ஒப்பீட்டை நான் அதற்கு மேல் இழுக்க விரும்பவில்லை. தோட்டத்து நடையைப் பயிற்சி என்று புகழ்ந்து எழுதுகிறவர்களைப் படித்திருக்கிறேன். வயிற்றுக்காக நடந்ததை விளையாட்டாக்கிவிட்டால், கொடுத்த கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

*

கணக்கு போட்டுப் பார்ப்பது ஒரு விதத் தியானம்தான். மாரத்தான் 42.195 கிலோமீட்டர், 400 மீட்டர் ஓடுதளத்தில் வைத்தால் நூற்றைந்து சுற்று, அதற்கு மேல் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெஃபா 2023 செப்டம்பரில் பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 வினாடியில் ஓடினார். ஒரு சுற்றுக்கு 75 வினாடி.

அசெஃபா முதலில் 800 மீட்டர்காரர். 2014-இல் 1:59.24. அதாவது சுற்றுக்கு 60 வினாடிக்குச் சற்றுக் குறைவு. ரியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்குப் போய்த் தகுதிச் சுற்றோடு திரும்பினார். இரண்டு சுற்று ஓடும்போது எடுத்த நேரத்தோடு ஒவ்வொரு சுற்றுக்கும் பதினைந்து வினாடியைக் கூட்டிக்கொண்டார். அந்தத் தளர்வை வைத்துக்கொண்டு நூற்றைந்து சுற்று போனார். எனக்கு வியப்பு அந்தப் பதினைந்து வினாடியில்தான். இவ்வளவு சின்ன இடைவெளியில் இவ்வளவு தூரம் அடங்கும் என்று யார் நினைத்தார்கள்?

இன்னொரு கணக்கு. நார்வேயின் கிரெட்டே வைட்ஸ் 1976-இல் 3000 மீட்டரில் வைத்த உலக சாதனை 8:45.4. சுற்றுக்கு 70 வினாடி. அன்றைக்கு உலகத்திலேயே வேகமான பெண் ஏழரைச் சுற்று ஓடிய வேகத்துக்கும், இன்று ஒரு பெண் நூற்றைந்து சுற்று ஓடும் வேகத்துக்கும் வித்தியாசம் ஐந்து வினாடி.

வைட்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1978-இல் நியூயார்க் மாரத்தானுக்கு அவர் போனது கணவரின் வற்புறுத்தலால். அதுவரை அந்தத் தூரத்தில் பாதிகூடப் பயிற்சியில் ஓடியதில்லை. அமெரிக்காவில் மைல் கணக்கு. எவ்வளவு மிச்சம் என்றே சரியாகப் புரியாமல் ஓடினார். 2:32:30, அதற்கு முன்பிருந்த உலகின் சிறந்த நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. முடித்ததும் காலணியைக் கழற்றிக் கணவர் மேல் எறிந்து, இனி இந்த முட்டாள்தனம் வேண்டாம் என்று திட்டினாராம். பிறகு அதே நியூயார்க்கில் மொத்தம் ஒன்பது தடவை ஜெயித்தார். ஓடுதளத்துப் பெண் சாலைச் சாதனையை உடைக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றே ஒரு பதில் கிடைத்துவிட்டது.

*

ஆனால் அந்தப் பதில் எல்லாருக்கும் பொருந்தவில்லை. ஓடுதளத்து ராணிகளைப் பாருங்கள். திருனேஷ் டிபாபாவின் மாரத்தான் 2:17:56. ரியோவில் 10,000 மீட்டரை 29:17.45-இல் ஓடி உலகைத் திகைக்க வைத்த அல்மாஸ் அயானா, மாரத்தானில் இறங்கியபோது 2:17:20. லெட்டெசென்பெட் கிடே 5000, 10,000 இரண்டிலும் உலக சாதனை வைத்து, அரை மாரத்தானையும் 1:02:52 என்று கைப்பற்றியவர். முழு மாரத்தான் அறிமுகத்தில் 2:16:49. பெரிய நேரங்கள்தான். சாதனை அவர்களிடம் வரவில்லை.

வந்தது யாரிடம்? கடைசிச் சுற்றில் தோற்றவரிடம். 2000 சிட்னியில் 10,000 மீட்டர் முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டு போன பவுலா ராட்கிளிஃப், முடிவில் மற்றவர்கள் பாய்ந்தபோது பதில் இல்லாமல் நான்காவதாக வந்தார். மூன்று ஆண்டு கழித்து லண்டனில் 2:15:25. பதினாறு ஆண்டு யாரும் தொடவில்லை. 2019-இல் பிரிஜிட் கோஸ்கே சிகாகோவில் 2:14:04 ஓடியபோதுதான் போனது. அப்புறம் அசெஃபா, தகுதிச் சுற்றோடு வீடு திரும்பியவர். கடைசி நூறு மீட்டரில் கிடைக்காத நியாயம் சாலையில் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றும். பாய்ச்சல் இல்லாமல் பிடித்த வேகத்தை விடாமல் வைத்திருப்பவர்களுக்குச் சாலை அதிகம் தருகிறது.

உடனே சிஃபான் ஹசன் வந்து இந்த எண்ணத்தைக் கெடுக்கிறார். அவருக்குப் பாய்ச்சலும் உண்டு. 2019-இல் ஒரு மைல் 4:12.33, அன்றைய உலக சாதனை. 2023-இல் சிகாகோ மாரத்தான் 2:13:44. 2024 பாரிஸில் 5000 வெண்கலம், 10,000 வெண்கலம், கடைசி நாளில் மாரத்தான் தங்கம். இவரை எந்தப் பெட்டியில் வைப்பது? வைக்காமல் விட்டுவிடலாம்.

*

சாலைக்கும் ஓடுதளத்துக்கும் விதிகளே வேறு. சாலையில் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், ஓடுதளத்தில் 20. பெரும்பாலான சாலை ஓட்டங்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடுவதால், கடைசி வரை வேகம் பிடித்துக் கொடுக்க ஓர் ஆண் பக்கத்திலேயே வரலாம். அதனால்தான் பெண்கள் மட்டும் ஓடும் பந்தயத்துக்குத் தனிச் சாதனை வைத்திருக்கிறார்கள். 2025 லண்டனில் அசெஃபா ஓடிய 2:15:50 அந்தப் பட்டியலில் வருகிறது. பெர்லினில் ஓடியதைவிட நான்கு நிமிடம் அதிகம். பாதை வேறு, வெயில் வேறு, ஆனாலும் யோசிக்க வைக்கிற நான்கு நிமிடம்.

2024 ஜனவரியில் வலென்சியாவில் ஆக்னஸ் ங்கெட்டிச் சாலையில் 10 கிலோமீட்டரை 28:46-இல் ஓடினார். அதே ஆண்டு மே மாதம் பியாட்ரிஸ் செபெட் ஓடுதளத்தில் 10,000 மீட்டரை 28:54.14-இல் ஓடி உலக சாதனை வைத்தார். முன்பெல்லாம் சாலை நேரம்தான் பின்தங்கி இருக்கும். இப்போது ஓடுதளம் சாலையைத் துரத்துகிறது.

ரூத் செப்னங்கெட்டிச்சைப் பற்றி எழுதாமல் கடக்கலாம் என்று நினைத்தேன். 2024 அக்டோபரில் சிகாகோவில் 2:09:56. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். ஓடுதளத்திலிருந்து வந்தவர் இல்லை, சாலையிலேயே வளர்ந்தவர். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட சிறுநீர் பெருக்கி மருந்து இருந்தது, மூன்றாண்டுத் தடை. சிகாகோ நேரம் அதற்கு முந்தையது என்பதால் பட்டியலில் அப்படியே இருக்கிறது. நான் அந்த எண்ணைப் பார்க்கும்போது கண்ணை ஒரு வரி கீழே இறக்கிக்கொள்கிறேன். இது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை.

*

இங்கே, சிம்பாங் பூலாய் பக்கம், ஞாயிறு காலைகளில் சாலை ஓட்டக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். சுண்ணாம்புக் குன்றுகளில் பனி இறங்கி நிற்கும் நேரத்தில், மார்பிள் கல் லாரிகள் கிளம்புவதற்கு முன், கையில் கடிகாரமும் காதில் பாட்டுமாகப் பெண்கள் போகிறார்கள். ஏழரை மணிக்குப் பிறகு இந்த ஈரக் காற்றில் யாராலும் வேகம் காட்ட முடியாது. பெர்லின் நேரத்தையும் பேராக் நேரத்தையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நின்று பேசினால் தன் கடிகாரத்தை அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்.

"திடல்ல ஓடினவங்க ரோட்டுக்கு வந்தா நாங்கெல்லாம் எங்க சார் போறது?" என்றார் ஒரு நாள்.

அவருக்கு நான் இந்திய உதாரணங்கள் சொன்னேன். புதுக்கோட்டை எல். சூர்யா, 5000, 10,000 மீட்டர் ஓடுதள ஓட்டக்காரர். 2016 தெற்காசிய விளையாட்டில் இரண்டிலும் தங்கம். 2017 டெல்லி அரை மாரத்தானில் 1:10:31 ஓடி, அந்தப் பாதையில் இந்தியப் பெண்களின் சிறந்த நேரத்தை மாற்றினார். மாரத்தானில் ஓ.பி. ஜெய்ஷா. 2014 ஆசிய விளையாட்டில் 1500 மீட்டர் வெண்கலம் வாங்கியவர், 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 2:34:43 ஓடி இந்தியச் சாதனை வைத்தார். ஓராண்டில் ரியோ. 2:47:19-இல் எல்லையைத் தொட்டு விழுந்தார். வழியில் தண்ணீர் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. ஓடுதளத்தில் தண்ணீருக்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை, முப்பத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சாலையில் உடம்பு மட்டும் போதாது, மேசை போட்டு நிற்க ஆள் வேண்டும்.

சூர்யா உடைத்த நேரம் யாருடையது என்று ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. அது லலிதா பாபரின் 1:10:52, 2015-இல் ஓடியது. லலிதா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் மூன்று ஆண்டு தொடர்ந்து முதலிடம் பிடித்த பிறகுதான் ஓடுதளத்தில் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸுக்குப் போனார். 2016 ரியோவில் தகுதிச் சுற்றில் 9:19.76 ஓடி இறுதிக்கு வந்து, பத்தாவதாக முடித்தார். 1984-இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தனிநபர் ஓடுதள இறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண்.

"அப்ப நாங்க அங்க போகலாம்" என்றார் ஆசிரியை. ஸ்டீப்பிள்சேஸ் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர்க் குழியைத் தாண்ட வேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம் சார், எனக்குப் பத்து கிலோமீட்டரே போதும்" என்று கடிகாரத்தை மறுபடி அழுத்திவிட்டுக் கோப்பெங் பக்கம் ஓடினார்.