நண்பரிடம் இனத்தைப் பற்றிப் பேசலாம்

சிங்கப்பூர் அடையாள அட்டையில் நம் பெயரோடு இனமும் அச்சாகியிருக்கும். நிர்வாகம் அதைச் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நான்காகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. பிள்ளை பள்ளியில் எந்தத் தாய்மொழி படிப்பது, எந்த புளோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கலாம் என்பதுவரை அந்தக் கணக்கு நம்மோடு வருகிறது. வாழ்க்கையில் இவ்வளவு தூரம் கைவைக்கும் விஷயத்தைப் பற்றிப் பல வருடம் பழகிய பிற இன நண்பர்களிடம் நாம் வாயே திறப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்குக் காரணம் உண்டு. 1964 ஜூலை 21-ல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய இனக் கலவரத்தை எங்கள் பெற்றோர் தலைமுறை நேரில் பார்த்தது. அந்த நாளைத்தான் 1997 முதல் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. பிள்ளைகள் சேலையும் பாஜு குருங்கும் சியோங்சாமும் மாற்றி மாற்றி உடுத்திப் போவது நல்ல பழக்கம். ஆனால் வளர்ந்த பிறகும் நாம் உடையையும் பலகாரத்தையும் தாண்டிப் பேசாமல் இருப்பதை நல்லிணக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாலை கோப்பிக்கடையில் வீடு விற்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவியாமல் இருக்க 1989-ல் வீவக புளோக்குகளில் கொண்டுவந்த இன விகித முறை நல்ல நோக்கம் கொண்டது. நானும் அதை ஆதரிப்பவன். ஆனால் சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைந்தால் விலையும் இறங்கத்தானே செய்யும்? இதைச் சொன்னபோது என் சீன நண்பர் திகைத்துப் போனார். அதே வட்டாரத்தில் வாழ்ந்தும் அவருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. பிறகு அவரே, "வாடகைக்கு வீடு தேடும்போது இந்தியர் வேண்டாம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எங்கள் நட்பு அன்றுதான் ஆழமானது.

அடையாளம் ஒன்றும் கல்லில் வெட்டியதல்ல. 2011 முதல் கலப்புமணப் பிள்ளைகளுக்குச் சீனர்-இந்தியர் என இரண்டு இனங்களைச் சேர்த்துப் பதியலாம். ஆனால் வீட்டு விகிதத்துக்கு முதலில் வரும் இனமே கணக்கு. எதை முதலில் எழுதுவது என்று ஒரு தாயும் தகப்பனும் உட்கார்ந்து யோசிப்பதை நினைத்துப் பாருங்கள். 2017-ல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கிய அதிபர் தேர்தலின்போது, வேட்பாளர் ஹலிமா யாக்கோப்பின் தந்தை இந்திய முஸ்லிம் என்பதை ஊரே விவாதித்தது. அடுத்தவர் அடையாளம் என்றால் நமக்குப் பேச்சு தாராளமாக வருகிறது.

நம் பக்கமும் சுத்தமில்லை. தமிழர், மலையாளி, சீக்கியர், சிந்தி, இலங்கைத் தமிழர், போன வருடம் சென்னையிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர் எல்லாரும் கணக்கில் இந்தியர்தான். ஆனாலும் இங்கே பிறந்தவர், அங்கிருந்து வந்தவர் என்று நாமே கோடு கிழிக்கிறோம். சீன மருமகளையோ பங்களாதேஷ் ஊழியரையோ பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சு, நம்மைப் பற்றிப் பிறர் பேசினால் நாம் பொறுக்கும் பேச்சல்ல.

கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் நண்பரிடம் அந்த இடத்திலேயே, கோபமில்லாமல், "இது வலிக்கிறது" என்று சொல்லுங்கள். உங்கள் மலாய் நண்பரிடம், தேசிய சேவையில் எந்தப் பிரிவில் போட்டார்கள், அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். அவரும் உங்களிடம் ஏதாவது கேட்பார். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.