சுமக்கிற வரை

அழியப்போகிற பொருளைப் பார்த்துப் பார்த்துப் பேணுவது பற்றா? காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் திண்ணையோரம் இரவெல்லாம் சார்ஜில் நிற்கும் மின்சார ஸ்கூட்டரை வைத்தே இதைக் கேட்கலாம். லித்தியம் பேட்டரி ஓட்டினாலும் தேயும், சும்மா நிறுத்தினாலும் தேயும். உள்ளே மின்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே போய், லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வெயிலும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் இன்னும் வேகம். நிக்கல் வகை செல்லுக்கு முழு சார்ஜ் என்றால் சுமார் 4.2 வோல்ட், அந்த உச்சியிலேயே நாள்கணக்கில் வைப்பதுதான் கெடுதல். அதனால்தான் அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும், 20க்குக் கீழே இறக்காதே, மாதக்கணக்கில் வெளியூர் போனால் பாதியில் வை என்கிறார்கள். (இரும்பு பாஸ்பேட் வகைக்கு அவ்வப்போது முழு சார்ஜ் தேவைப்படும், வண்டிக் கையேட்டைப் பாருங்கள்.) காரைக்கால் போய்வரப் பாதி சார்ஜே தாராளம். அப்படியிருக்க, நூறைப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றால் அது பயம். பற்று என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

காரைக்கால் அம்மையார் உடம்பையே உதறவில்லையா என்று இந்த மண்ணில் ஒருவர் மறித்துக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரியபுராணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அவர் கணவன் பரமதத்தன் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்கு அம்மையின் பெயரையே இட்டு, அவர் காலில் விழுந்த பிறகுதான் அம்மையார் தசையை வேண்டாம் என்கிறார். கணவனுக்காகச் சுமந்த அழகு, அவனுக்கே வேண்டாதபோது எதற்கு என்பதுதான் சேக்கிழார் அங்கே காட்டும் காரணம். ஆக, உடம்பை இகழ்ந்து எறிந்ததல்ல அது. சுமந்த கடமை தீர்ந்ததும் இறக்கி வைத்தது. திருமூலரும் உடம்பை முதலில் இழுக்கென்று எண்ணி, உள்ளிருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கியவர்தான்.

அடியாரின் உடம்போடு செல் அடுக்கிய பெட்டியை ஒப்பிடுவது மிகை என்றால் ஒப்புக்கொள்கிறேன். பேட்டரிக்கு முக்தி இல்லை. ஆனால் அதுவும் யாருக்காகவோ இருக்கிறது, அதன் பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டே ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. விதி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். வீட்டு வாசலுக்கு நாம்தான் பொறுப்பு. ஓடிவந்த சூடு ஆறுமுன் பிளக்கை மாட்டாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே போடுங்கள். வெளியே போகும் வழியை மறித்து மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.