சேரிப் பிள்ளைகள் எதற்காக விளையாடணும்?

விளையாட்டுத் திடல் கேட்டு மாநகராட்சிக்கு நம்ம பசங்க எழுதுகிற மனுக்களைப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கும். "இப்பகுதி இளைஞர்கள் தவறான வழியில் செல்லாமல் இருக்க." கோடம்பாக்கத்துக் குடிசைப் பகுதியில் எழுதினாலும் வியாசர்பாடியில் எழுதினாலும் அதே வரிதான். மயிலாப்பூர் மாடவீதிப் பையன் கிரிக்கெட் கோச்சிங் போகிறான். அவங்க அப்பா எங்கேயாவது "என் மகன் திருடாமல் இருப்பதற்காக" என்று எழுதிக் கொடுக்கிறாரா? அவனுக்கு விளையாட ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையே போதுமான காரணமாக இருக்கிறது. நம்ம பிள்ளையோட ஆசை மட்டும் ஏன் போத மாட்டேங்குது?

சென்னையில் குடிசைப் பகுதிகளில் காவல்துறை நடத்துகிற சிறுவர் சிறுமியர் மன்றங்கள் உண்டு. அங்கே போய்ப் படித்து, விளையாடி, முன்னுக்கு வந்தவர்களும் உண்டு. அதை நான் மறுக்கலை. ஆனால் யோசிச்சுப் பாருங்க தோழர்களே. காலனிக்குப் பூங்கா போடணும்னா மாநகராட்சியில பூங்காத் துறை வருது. சேரிக்குக் கேரம் போர்டு கொடுக்கணும்னா போலீஸ் வருது. ஒருத்தன் பொழுதுபோக்கு அவனுடைய நலன். இன்னொருத்தன் பொழுதுபோக்கு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. கொடுக்கிற கை நல்ல கையாகவே இருக்கட்டும். அது எந்தக் கண்ணோடு பார்த்துக்கொண்டு கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

விளையாட்டுக்கு வெளியே ஒரு பயன் கிடையாது, அதை அதற்காகவே ஆடுகிறோம் என்று 1938இல் ஹய்சிங்கா என்கிற டச்சு அறிஞர் எழுதினார். சரி. ஆனால் பயனில்லாத ஒன்றைச் செய்கிற சுதந்திரம் யாருக்கு இருந்தது? நம் உடம்பு அடுத்தவன் காரியத்துக்கான உடம்பாகவே கணக்கில் இருந்து வந்திருக்கிறது. நாற்று நட, மலம் அள்ள, பிணம் தூக்க. பறையைக்கூட நமக்காக அடிக்க விட்டார்களா? அவன் சாவுக்கு அடி, அவன் சாமிக்கு அடி. பல்வாங்கர் பாலு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் கிளப்பில் ஆடுகளம் பெருக்கி உருட்டுகிற கூலியாகத்தான் அவர் கிரிக்கெட்டுக்குள் வந்தார். பிறகு இந்து அணிக்கே பந்து வீசினார். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே தனி மண்குவளை. 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவர் பந்து தேவைப்பட்டது. கூட உட்கார்ந்து டீ குடிக்கிற பாலு தேவைப்படவில்லை.

இன்றைக்கும் நம்மிடம் எதிர்பார்க்கப்படும் காரணம் இரண்டுதான். ஒன்று, கெட்டுப்போகாமல் இருக்கணும். இல்லைன்னா பதக்கம் கொண்டு வரணும். 2024இல் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகப் பட்டம் வென்றார். அரசு ஒரு கோடி கொடுத்தது. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது. அவர்கள் உழைப்புக்கு அது உரியதுதான், இன்னும் கொடுத்தாலும் தகும். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த சனங்களைப் பிடுங்கி, 2000த்தில் இருந்து கொண்டுபோய்ப் போட்ட இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரையே ஒரு பெண் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நிற்கிறது சின்ன விஷயமில்லை. ஆனால் அவரோடு அதே மண்ணில் ஆடி, மாவட்டத் தேர்விலேயே தோற்றுப்போன பெண்ணுக்கு என்ன? அவளுக்கு நாளைக்கும் ஆடுகிறதுக்கு இடம் உண்டா? ஜெயிக்கிறவங்களுக்கு மட்டும் கிடைத்தால் அது பரிசு. தோற்கிறவளுக்கும் கிடைத்தால்தான் உரிமை.

சரி, இடம் எங்கே இருக்கிறது? 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தி.நகர் போட்டபோதே நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் விட்டுப் போட்டார்கள். இன்றைய கட்டட விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையைப் பிரிக்கிறவர் நூற்றுக்குப் பத்து நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும். நல்ல விதிதான். ஆனால் சேரியை யாரும் வரைபடம் போட்டு, அனுமதி வாங்கி உருவாக்கவில்லை. அதனால் அந்தப் பத்து பங்கும் அதற்குக் கிடையாது. கோடம்பாக்கம்னா வெளியூர்க்காரனுக்கு சினிமா. லைட் தூக்குறவன், செட் போடுறவன், கூட்டத்தில் ஒருத்தனாக நிற்கிறவன் எல்லாம் சுற்றியிருந்த குடிசைகளில்தான் இருந்தான். ஸ்டுடியோக்கள் மூடினபோது அந்த நிலத்தில் திடல் வந்ததா? வாகினி இருந்த வடபழனியில் 2013இல் வந்தது மால்.

நிதி உதவிக்கும் இதே கதை. நமக்கு நாமே திட்டத்தில் பூங்காவோ விளையாட்டுத் திடலோ வேணும்னா செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டணும், மீதியை அரசு போடும். பங்கேற்பு என்று இதற்குப் பெயர். ஒரு பங்கு வைத்திருக்கிறவனுக்கு இரண்டு பங்கு சேர்கிறது; ஒன்றுமில்லாதவனுக்கு ஒன்றுமே சேர்வதில்லை. ஒரு அலுவலகத்தில் எங்க மன்றத்துப் பசங்களிடம் பதிவு எண் கேட்டார்கள். பதிவு செய்யப் போனால் மன்றத்தின் முகவரி கேட்டார்கள். புறம்போக்கில் தகரம் போட்டு, ஒரு பல்பு மாட்டி, ஒரு கேரம் போர்டும் அம்பேத்கர் படமும் வைத்திருக்கிற இடத்துக்கு ஏது முகவரி? பட்டா இல்லாதவனுக்கு மன்றமும் இல்லை.

2024 அக்டோபரில் நடந்தது இன்னும் தெளிவு. சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட, மன்றத்தில் தீர்மானம் போட்டது. கட்டணம், ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். பக்கத்துக்கு ஐந்து பேர் வைத்து ஆடினாலே மணிக்கு 1,200 ரூபாய் ஆகிறது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே வாபஸ் வாங்கினார்கள். இலவசம் என்றே மேயர் அறிவித்தார். நல்லது. மேயர் பிரியா, 2022இல் அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண். அவர் இருக்கிற அவையிலேயே இப்படியொரு தீர்மானம் நிறைவேறியது என்றால், நாற்காலி மாறினால் கணக்கு தானாக மாறிவிடாது என்று நாம் தெரிந்துகொள்ளணும்.

1924இல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானம், பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் என்றது. அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2). இன்று எந்த மைதான வாசலிலும் சாதி எழுதிப் போடமாட்டான். 120 ரூபாய் என்று எழுதிப் போடுவான். யார் வெளியே நிற்பான் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நாமும் கொஞ்சம் கண்ணாடி பார்க்கணும். ட்ரஸ்ட்புரம் மாநகராட்சி மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நில்லுங்கள். ஒரே திடலில் ஏழெட்டு மேட்ச் நடக்கும், இவன் பந்தை அவன் பொறுக்கிப் போடுவான், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். பெண் பிள்ளைகள் எங்கே? தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். நம் மன்றங்களில் கேரம் போர்டைச் சுற்றி எத்தனை பெண்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்? ஆண்டை நம்மைக் கேட்ட கேள்வியை, "உனக்கெதுக்குடா விளையாட்டு" என்பதை, வீட்டுக்குள் நாம் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன தடவை எங்க பசங்க ஒரு மனு தயார் பண்ணினார்கள். அந்தத் "தவறான வழி" வரியை அடிக்கச் சொன்னேன். அதெல்லாம் இல்லைன்னா அதிகாரி படிக்கவே மாட்டாருண்ணா என்றான் ஒருத்தன். ரொம்ப நேரம் சண்டை போட்டு, கடைசியில் "நாங்கள் விளையாட விரும்புகிறோம், மாலை ஐந்து மணிக்கு மேல் மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட வேண்டும்" என்று மட்டும் எழுதினோம். கையெழுத்துப் போட வந்த பெண்கள் படித்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டார்கள், விளக்கும் கழிப்பறையும். மனுவில் அது இரண்டும் இல்லை. திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.