முறையீடும் துப்பாக்கியும்

அடங்கி வாழும் மக்கள் ஆயுதம் ஏந்துவது எப்போது? ஹிஞ்சேவாடியில் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள சிஞ்ச்வட், சாபேகர் சகோதரரின் ஊராகும். பஞ்சத்தின் கொடுமை கண்ட வாசுதேவ பல்வந்த பட்கே 1879இல் படை திரட்டியதும் இப்புணே வட்டாரத்திலேயே.

1897இல் புணேயைப் பிளேக் நோய் வாட்டியது. நோயாளரைத் தனிப்படுத்தல் தேவையே. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் பிளேக் குழுத் தலைவர் ராண்ட், வீடுகளைச் சோதிக்கப் படைவீரரை ஏவினார். அடுக்களையும் பூசையறையும் மிதிபட்டன என மக்கள் முறையிட்டனர், பயனில்லை. காக்க வந்த கையே அவமதிக்கும் கையாயிற்று.

ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா முடிந்து திரும்பிய ராண்ட் சுடப்பட்டார், ஜூலையில் இறந்தார். வேறொரு வண்டியில் வந்த ஏயர்ஸ்ட் என்னும் படை அதிகாரியும் மாண்டார். தாமோதர் சாபேகர் 1898இல் தூக்கிலிடப்பட்டார். காட்டிக்கொடுத்தவர் எனக் கருதித் திராவிட் சகோதரர் இருவரை 1899இல் கொன்றவர் இளையவரான வாசுதேவர். அவரும் பாலகிருஷ்ணரும் அவ்வாண்டே தூக்குமேடை ஏறினர்.

முறையீட்டுக்குச் செவி கிடைத்திருப்பின் துப்பாக்கிக்கு வேலை ஏது? எனவே முதற்பொறுப்பு ஆட்சியினதே. ஆயினும், ராண்டை நோக்கி எழுந்த ஆயுதம் ஈராண்டிற்குள் சொந்த ஊராரை நோக்கித் திரும்பியதையும் நாம் மறத்தலாகாது. தியாகத்தைப் போற்றுவோம், அதன் விலையையும் எண்ணுவோம். மக்கள் நலனுக்கென ஆணையிடுவோர், அம்மக்களின் மானத்தையும் நலனுள் ஒன்றாகக் கொள்வாராக!