சக்கைக்கு உரியவர் யார்?

ராஜகீழ்ப்பாக்கம் சாலையோரத்திலே, வெயிலில் களைத்து வருவோர்க்குக் கரும்புச் சாறு பிழிந்து தரும் வண்டியைக் காண்கிறோம். சாறு நமக்கு, சக்கை குப்பைக்கு! வயல் மறைந்து வீடு நிறைந்துவிட்ட ஊரிலே, கரும்பை விளைவித்தவன் எவன், அவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பாரில்லை.

தாம்பரம் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் படாளம். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த இடம். வண்டிக்காரர் வீசியெறியும் சக்கை, ஆலைத் தொழிலிலே குப்பையன்று. கொதிகலனில் எரிந்து நீராவியாகிறது, மின்சாரமாகிறது. 1979-இல் தோன்றிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூரையடுத்த காகிதபுரத்தில் அதனைக் காகிதமாகவே ஆக்கிக் காட்டியது. கழிவுப்பாகு எரிசாராயமாகிப் பெட்ரோலில் கலக்கிறது. அறிவியலின் ஆற்றலைப் போற்றுகிறோம். ஆனால் தோழர்களே, கழிவிலே பிறந்த அந்தச் செல்வம் யாருடையது?

"எடை போட்டோம், விலை கொடுத்தோம், உறவு தீர்ந்தது" என்பர் ஆலைத் தரப்பினர். ஆண்டிலே சில திங்களே அரவை. மழை பொய்த்தால் இயந்திரம் உறங்கும். சர்க்கரை விலையும் சரியும் என்பர். மெய்தான், மறுக்கவில்லை நாம். எனினும் வெட்டிய கரும்பு காத்திராது. நாள் கடந்தால் எடையும் குறையும், இனிப்பும் குறையும். நெல்லைப்போல் குதிரிலே கொட்டிவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியுமா? ஏறத்தாழ ஓராண்டு உழைப்பை ஒரே வாயிலில் இறக்கியாக வேண்டியவனிடம், "விருப்பமிருந்தால் விற்கலாம்" என்பது உரிமையா, கேலியா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்கிறது 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. இருந்தும், நிலுவை கேட்டு உழவர் வீதிக்கு வந்த காட்சியைப் பலமுறை கண்டோம். அதைத் தலைவிதி என்று சொல்லித் தேற்றுகிற பெரியவர்களும் ஊரிலே உண்டு! மிகை வருவாயில் பங்கு தரும் விதி 1974-இல் அந்த ஆணையிலே நுழைந்தது, 2009-இல் வெளியேற்றப்பட்டது. எந்த விதி அதை எழுதியது, எந்த விதி அழித்தது?

சர்க்கரை, துணைப்பொருள் இரண்டின் மதிப்பிலும் 70 விழுக்காடு கரும்புக்கு உரியது என 2012-இல் ரங்கராசன் குழு பரிந்துரைத்தது. வருவாய்ப் பங்கீட்டுக்குத் தமிழகமும் 2018-இல் சட்டம் செய்தது. சரி, பங்கிட வேண்டுமானால் கணக்கு தெரியவேண்டுமே! எடைமேடை ஆலையிடம், சர்க்கரைச் சத்தை அளக்கும் ஆய்வுக்கூடமும் ஆலையிடம், பேரேடும் அங்கேயே. கூட்டுறவு ஆலையிலே உழவன் பங்குதாரன். பெயரளவில் மட்டுமா என்பதை அவனே சோதித்தறியலாம். அடுத்த அரவை தொடங்குமுன் அந்தப் பேரேட்டைக் கேட்கட்டும்: எத்தனை டன் சக்கை, யாருக்கு, என்ன விலைக்குப் போயிற்று?